கிராங்க் முனையில் ஒரு ரப்பர் வளையம்

பண்பொழியிலிருந்து செங்கோட்டை போய், புளியரை எஸ் வளைவில் பஸ் திணறும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தா ஒரு விஷயம் காதில் விழும். முன்னாடி போற லோடு லாரி டிரைவர் கியரைக் குறைச்சிட்டு, இன்ஜின் சத்தத்தை ஒரே சுருதியில் பிடிச்சிட்டே ஏறுவார். ஆரியங்காவு வரைக்கும் அந்தச் சுருதி பெரிசா மாறாது. நமக்கு அது வெறும் சத்தம். இன்ஜினுக்குள்ள இருக்கிற கிராங்க் ஷாஃப்ட்டுக்கு அது வாழ்வா சாவா பிரச்சினையாகக்கூட இருக்கலாம். எந்த ஆர்.பி.எம்.-இல் அந்தச் சுருதி நிற்குதுங்கிறதைப் பொறுத்து இருக்கு.

அந்தப் பிரச்சினையைத் தீர்க்க, கிராங்க்கின் முன் முனையில் ஒரு கனமான இரும்பு வளையத்தை ரப்பரில் ஒட்டி வெச்சிருப்பாங்க. புத்தகத்தில் ஹார்மோனிக் பேலன்ஸர். நம்ம பக்கத்துப் பட்டறைகளில் டேம்பர் புல்லி, இல்லைன்னா சும்மா கிராங்க் புல்லி. 40, 50 வருஷம் ஓடின இன்ஜின்களில் இந்த ரப்பர் போயிருக்கும். போனா என்ன ஆகும், எப்படிக் கண்டுபிடிக்கிறது, ரிப்பேர் பண்ணலாமா, மாத்தணுமா என்பதுதான் இந்தக் கட்டுரை. பழைய வண்டி வெச்சிருக்கிற பெரியப்பாவோ மாமாவோ வீட்டில் இருந்தா, அவங்களையும் படிக்கச் சொல்லுங்க.

முதல்ல அந்தப் பேரே கொஞ்சம் ஏமாத்தும். பேலன்ஸர்னு சொன்னாலும் பெரும்பாலான இன்ஜின்களில் அது எதையும் பேலன்ஸ் பண்றது இல்லை. இன்லைன் ஆறு சிலிண்டர் இன்ஜினை எடுத்துக்குங்க. பிஸ்டன்கள் மேலும் கீழும் போறதால் வர்ற முதல்நிலை, இரண்டாம்நிலை விசைகள் ரெண்டும் அதில் ஒன்றையொன்று ரத்து செஞ்சிடும். டி.ஓ.எம். பாடத்தில் கணக்குப் போட்டே பார்த்திருப்பீங்க. அதனால்தான் நல்ல சிக்ஸ் சிலிண்டர் இன்ஜின் பானெட் மேல ஒரு ரூபா காசை நிமிர்த்தி வெச்சாலும் விழாதுன்னு பெருமை அடிப்பாங்க. வண்டியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எந்த அதிர்வும் தெரியாது. ஆனா அதே நேரத்தில் கிராங்க் ஷாஃப்ட் தன் அச்சிலேயே முறுக்கிக்கிட்டும் அவிழ்ந்துக்கிட்டும் இருக்கும். இந்த முறுக்கு அதிர்வு சேஸிஸுக்கு வராது, கைக்குத் தெரியாது, காதுக்கும் தெரியாது. வளையம் இருக்கிறது இதுக்காகத்தான்.

கிராங்க் ஏன் முறுக்கும்? அது கெட்டியான இரும்புத் துண்டு மாதிரித் தெரிஞ்சாலும் உண்மையில் ஒரு நீளமான ஸ்ப்ரிங். பின் முனையில் கனமான ஃப்ளைவீல். அது லேசில் வேகம் மாறாது. முன் முனை அப்படி இல்லை, சுதந்திரமா இருக்கு. நடுவில் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் முன்னாடி தள்ளும். அடுத்த நொடிப்பிளவில் கம்ப்ரஷன் அதைப் பின்னாடி இழுக்கும். டூ ரோட்டர், த்ரீ ரோட்டர் கணக்கில் நோட் எங்கே வரும்னு கேட்பாங்களே, அதேதான் இது. பெரிய இனர்ஷியா இருக்கிற ஃப்ளைவீல் பக்கத்தில் நோட் விழும். அலைவு அதிகமா இருக்கிறது எதிர் முனையில், அதாவது முன் முனையில். அலைவு எங்கே அதிகமோ அங்கே வெச்சாதான் டேம்பர் வேலை செய்யும் என்பதால் அது எப்பவும் முன்னாடி இருக்கு. ஷாஃப்ட்டில் முறுக்குத் தகைவு அதிகமாகிறது நோட் பக்கத்தில், அதாவது பின்பக்க த்ரோக்களில். டேம்பர் கெடுறது ஒரு முனையில், கிராங்க் முறியறது மறுமுனைக்குப் பக்கத்தில். இதனாலேயே பல பேர் ரெண்டையும் முடிச்சுப் போடாம விட்டுடுறாங்க.

எண்களை வெச்சுப் பார்க்கலாம். ஒரு பழைய ஆறு சிலிண்டர் கிராங்க்கின் முறுக்கு இயல் அதிர்வெண் 225 ஹெர்ட்ஸ்னு வைச்சுக்கோங்க. இது கணக்குக்காக எடுத்த எண். ஒவ்வொரு இன்ஜினுக்கும் மாறும். ஃபோர் ஸ்ட்ரோக் சிக்ஸில் ஒரு சுற்றுக்கு 3 வெடிப்பு. ஆனா வெடிப்பு அழகான சைன் அலை கிடையாது, அதுக்குள்ள 3, 6, 9 மடங்கு அதிர்வுகள் எல்லாம் இருக்கும். மூணாம் ஆர்டர் 225-ஐத் தொட 4500 ஆர்.பி.எம். வேணும், பழைய லாரி இன்ஜின் அங்கே போகவே போகாது. ஆறாம் ஆர்டர் தொடுறது 2250-இல். ஒன்பதாம் ஆர்டர் 1500-இல். இந்த ரெண்டு வேகமும் தினசரி ஓட்டத்துக்குள்ளேயே இருக்கு. மட்டமான ரோட்டில் ஓட்டினா வேகம் ஏறி இறங்கி அந்த இடத்தைத் தாண்டிப் போயிடும். மலை ஏத்தத்தில்தான் டிரைவர் அதே ஆர்.பி.எம்.-ஐ நிமிஷக்கணக்கில் பிடிச்சு வெச்சிருப்பார்.

இப்ப இன்னொரு பெருக்கல். 225 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேரத்துக்கு 8,10,000 முறுக்குகள். ஒரு கோடி முறுக்கு ஆக 12 மணி நேரம் 20 நிமிஷம் போதும். ஸ்டீலின் எஸ்-என் கோடு மட்டமாகிறது 10 லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் நடுவில்னு மெட்டீரியல்ஸ் பேப்பரில் படிச்சிருப்பீங்க. அப்போ தகைவு அந்த எல்லைக்கு மேல இருந்தா, ஃபட்டீக் முறிவு வர்ஷக்கணக்கா எடுக்காது. தவறான ஆர்.பி.எம்.-இல் சில பத்து மணி நேரம் மலை ஏறினாலே ஆரம்பிச்சிடும். ஸ்டீலுக்கு உள் உராய்வு ரொம்பக் குறைவு. கிராங்க்கைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினா கோவில் மணி மாதிரி நின்னு ஒலிக்கும். அப்படி ஒலிக்கிற பொருள் ரெசனன்ஸில் மாட்டினா தன்னைத் தானே அடக்கிக்க அதுக்கு வழி இல்லை.

ரப்பருக்கு அந்த வழி இருக்கு. ஒரு ரப்பர் பேண்டை வேகமா இழுத்து மேல் உதட்டில் வெச்சுப் பாருங்க, சுடும். ரப்பரை இழுத்து விட்டா கொடுத்த சக்தி முழுசா திரும்பி வராது, ஒரு பகுதி வெப்பமாப் போயிடும். டேம்பரில் நடுவில் ஹப், அதைச் சுத்தி ரப்பர், அதுக்கு வெளியே கனமான வளையம். கிராங்க் முனை முறுக்கி ஆடும்போது ஹப் கூடவே ஆடும். வளையம் தன் இனர்ஷியாவால் பின்தங்கி, எதிர்த் திசையில் இழுக்கும். நடுவில் ரப்பர் ஷியர் ஆகி சூடாகும். வளையத்தின் இனர்ஷியாவும் ரப்பரின் விறைப்பும் சேர்ந்து ஒரு தனி அதிர்வெண் தரும். அதை கிராங்க்கின் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் வர்ற மாதிரி டிசைனர் ட்யூன் பண்ணி வெச்சிருப்பார். இந்த ‘ட்யூன்’ங்கிற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்குங்க. ரிப்பேரா மாத்துறதாங்கிற கேள்வி முழுக்க அதில்தான் நிக்குது.

வயலில் ஓடுற ஒத்த சிலிண்டர் டீசல் பம்ப் செட்டில் இதெல்லாம் ஏன் இல்லைன்னு கேட்கலாம். அதோட கிராங்க் குட்டையானது, ஒரே த்ரோ. ஸ்ப்ரிங் குட்டையானா விறைப்பு கூடும். இயல் அதிர்வெண் எங்கேயோ மேல போயிடும். உலுக்குற உலுக்கில் சிமெண்ட் மேடையே ஆடும், ஆனா கிராங்க் முறுக்காது. பல பழைய நாலு சிலிண்டர் இன்ஜின்களிலும் முன்னாடி வெறும் வார்ப்பிரும்புப் புல்லிதான் இருக்கும். ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர்னு நீளம் கூடக்கூடத்தான் இந்தத் தலைவலி.

இந்தத் தலைவலி முதல்ல வந்ததும் அப்படித்தான். 1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆறு சிலிண்டர் கார்கள் வர ஆரம்பிச்சப்ப, காரணமே புரியாம கிராங்க்குகள் உடைஞ்சது. ரோல்ஸ்-ராய்ஸின் 30 குதிரைத்திறன் காருக்கும் இந்தத் தொல்லை இருந்தது. ஹென்றி ராய்ஸ் அடுத்த மாடலில் கிராங்க்கைத் தடிமனாக்கினார். டேம்பருக்கு 1910-இல் காப்புரிமை கேட்டவர் ஃப்ரெடரிக் லான்செஸ்டர். அதில் ரப்பர் இல்லை, உராயும் தட்டுகள். உங்க வைப்ரேஷன்ஸ் புத்தகத்தில் லான்செஸ்டர் டேம்பர்னு வர்றது அவரோடதுதான். அப்புறமும் பாடம் முடியலை. 1929 மே மாசம் அமெரிக்காவுக்குக் கிளம்பின கிராஃப் ஸெப்பலின் ஆகாயக்கப்பலில் 5 மேபாக் இன்ஜின்களில் 4 நின்னு போய், பிரான்ஸில் தூலோன் பக்கத்தில் அவசரமா இறக்கினாங்க. கிராங்க் ஷாஃப்ட்டுகள் முறிஞ்சிருந்தது. குற்றவாளி முறுக்கு அதிர்வு.

நம்ம நாட்டுச் சாலைக்கு இந்த நீளக் கிராங்க்குகள் 1950-களில் கூட்டமா வந்தது. 1954-இல் டெல்கோ, டைம்லர்-பென்ஸோட ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் டாடா-பென்ஸ் லாரி செய்ய ஆரம்பிச்சது. ஆறு சிலிண்டர் டீசல். 1969 வரைக்கும் முன்னாடி அந்த நட்சத்திரம் இருந்தது. எண்ணூரில் அசோக் லேலண்டின் காமெட், அதுவும் சிக்ஸ். மவுண்ட் ரோடு சிம்ப்சன் பெர்கின்ஸ் உரிமத்தில் டீசல் இன்ஜின் செஞ்சது. கார்ப் பக்கம் பார்த்தா, செவர்லே, பம்பாய் ப்ரீமியர் அசெம்பிள் பண்ணின டாட்ஜ், ப்ளிமத் எல்லாம் பெரும்பாலும் பெட்ரோல் சிக்ஸ். இன்னிக்கு இவைகளில் ஒண்ணு எங்கேயாவது ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நின்னா, அதோட டேம்பர் ரப்பருக்கு உங்க அப்பா வயசு.

ஓடாத வண்டிதானே, ரப்பர் நல்லா இருக்கும்னு நினைக்கக்கூடாது. ரப்பர் ஓடினாலும் கெடும், நின்னாலும் கெடும். ஆக்ஸிஜன், ஓஸோன், இன்ஜின் சூடு எல்லாம் சேர்ந்து அதை விறைக்க வைக்கும். முன் ஆயில் சீல் கசிஞ்சா ஆயில் பட்டு உப்பும். இயற்கை ரப்பர் ஆயிலில் ரொம்பவே உப்பும். மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் தோட்டம் தோட்டமா ரப்பர் வடியுது, அதை எடுத்து ஊத்திட முடியாதாங்கிற கேள்விக்கு அதுவும் ஒரு பதில். விறைச்ச ரப்பர் உடையாமலே கூட வேலையைக் கெடுக்கும். விறைப்பு கூடினா ட்யூனிங் நகர்ந்துடும். பார்க்க முழுசா இருக்கிற டேம்பர், கிராங்க்கின் அதிர்வெண்ணை விட்டுட்டு வேற எங்கேயோ வேலை செஞ்சிட்டிருக்கும்.

கண்டுபிடிக்கிறது

இன்ஜினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிட்டு, டார்ச் அடிச்சுப் பாருங்க. ரப்பர் வெடிச்சிருக்கா, ஹப்புக்கும் வளையத்துக்கும் நடுவில் பிதுங்கி வெளியே வந்திருக்கா, வளையம் ஹப்பை விட முன்னாடி நகர்ந்திருக்கா, டைமிங் கவரில் வட்டமா தேய்ச்ச தடம் இருக்கா. பெல்ட் ஓரத்தில் நூல் பிரிஞ்சு வந்தா அதுவும் ஒரு சாட்சி. வளையம் தள்ளாடினா பெல்ட் நேரா ஓடாது. முன்னாடி ஆயில் சீல் மாத்தி மாத்திக் கசியுதுன்னா, சீலை மட்டும் திட்டாதீங்க. ஹப்பின் கழுத்தில் சீல் உதடு தேய்ச்ச பள்ளம் இருக்கும். நகத்தால் தடவினா மாட்டும்.

அடுத்தது சாக்பீஸ் சோதனை. செலவே இல்லை. ஹப்பிலிருந்து ரப்பரைக் கடந்து வளையம் வரைக்கும் வெள்ளை பெயின்ட்டில் ஒரே நேர்கோடு போடுங்க. (சாக்பீஸ் அழிஞ்சிடும், பேர்தான் சாக்பீஸ் சோதனை.) ஒரு வாரம் ஓட்டிட்டுப் பாருங்க. கோடு உடைஞ்சு வளையப் பாதி தள்ளிப் போயிருந்தா ரப்பர் ஒட்டு விட்டாச்சு.

ஏற்கெனவே நகர்ந்திருக்காங்கிறது தனிக் கேள்வி. பல இன்ஜின்களில் டைமிங் மார்க் அந்த வெளி வளையத்து மேலதான் வெட்டியிருக்கும். வளையம் 10 டிகிரி நழுவியிருந்தா, டைமிங் லைட் அடிச்சு அழகா செட் பண்ணின டைமிங்கும் 10 டிகிரி பொய். அட்வான்ஸ் பக்கம் பொய் சொன்னா நாக்கிங், அப்புறம் பிஸ்டன் தலையில் ஓட்டை. நல்ல மெக்கானிக் ஒருத்தர் வாரக்கணக்கா கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் குடைஞ்சிட்டு இருப்பார். நோய் புல்லியில் இருக்கும்.

பெட்ரோல் இன்ஜினில் உண்மையான டி.டி.சி.-யைக் கண்டுபிடிக்க முதல் சிலிண்டர் ப்ளக்கைக் கழற்றி, பிஸ்டனைத் தடுக்கிற மாதிரி முனை மழுங்கின ஒரு ஸ்டாப்பரை அந்த மரையில் மாட்டுங்க. எல்லா ப்ளக்கையும் எடுத்துட்டா சுத்த லேசா இருக்கும். கிராங்க்கைக் கையால் மெதுவா சுத்துங்க. செல்ஃப் மோட்டார் வேண்டவே வேண்டாம். பிஸ்டன் தட்டி நிக்கிற இடத்தில் பாயின்டருக்கு நேரா வளையத்தில் ஒரு கோடு. எதிர்த் திசையில் சுத்தி, தட்டுற இடத்தில் இன்னொரு கோடு. ரெண்டுக்கும் சரியா நடுவில் டி.டி.சி. பழைய ஜீரோ மார்க் அங்கே இல்லைன்னா வளையம் நழுவியாச்சு. பழைய ப்ரீ-சேம்பர் டீசல்களில் இன்ஜெக்டர் துளை பிஸ்டனுக்கு நேரா இறங்காது, இந்த வித்தை பலிக்காது. ஃப்ளைவீலில் மார்க் இருந்தா அதை நம்புங்க. அது போல்ட் போட்டு இறுகினது, நழுவாது.

ரப்பருக்குப் பதிலா மூடின டப்பா மாதிரி இருந்தா அது விஸ்கஸ் டேம்பர். உள்ளே ஒரு வளையம், சுத்தி கெட்டியான சிலிக்கோன் திரவம், நடுவில் இடைவெளி ரொம்பச் சின்னது. வெளியே ஒரு சுத்தியல் அடி பட்டு நெளிஞ்சாலே உள்வளையம் மாட்டிக்கும். நெளிவோ கசிவோ இருந்தா யோசிக்கவே வேண்டாம், மாத்திடுங்க. திறந்து ரிப்பேர் பண்ற ஜாதி இல்லை அது.

செய்யக்கூடாத ரெண்டு வேலை

நம்ம ஊர்களில் ஸ்பேர் கிடைக்காத பொருளுக்கு முதல் பதில் வெல்டிங், ரெண்டாவது பதில் லேத். பாதி இடங்களில் அந்தப் பதில் சரிதான், அந்தத் திறமையால்தான் பழைய வண்டிகள் ஓடிட்டு இருக்கு. இங்கே மட்டும் ரெண்டுமே தப்பு.

வளையம் ஆடுதேன்னு நாலு இடத்தில் டேக் வெல்ட் வெச்சு ஹப்போட ஒட்டிடுறாங்க. ஆட்டம் நின்னுடும், பெல்ட் நேரா ஓடும், பார்க்கத் திருப்தியா இருக்கும். ஆனா ஆடத்தானே அது இருக்கு! இப்ப டேம்பிங் போச்சு. அதோட, கனமான வளையம் முழுசும் கிராங்க் முனையில் செத்த எடையா சேர்ந்துடுச்சு. இனர்ஷியா கூடினா இயல் அதிர்வெண் குறையும். முன்னாடி எடுத்த 225, ஒரு பேச்சுக்கு 190 ஆகுதுன்னு வைங்க. ஆறாம் ஆர்டர் ஆபத்து 2250-இலிருந்து 1900-க்கு இறங்கும். ஏத்தத்தில் டிரைவர் பிடிச்சு வெச்சு ஓட்டுற வேகத்துக்கே ஆபத்தைக் கொண்டு வந்து வெச்சாச்சு. டேம்பரே இல்லாம ஓட்டுறதை விட இது மோசமாகக்கூட முடியலாம்.

பழைய புல்லியை லேத் பட்டறையில் கொடுத்து, “அண்ணாச்சி, அப்படியே ஒண்ணு கடைஞ்சு தாங்க”ன்னு கேட்கிறது அடுத்தது. அவர் மைக்ரோமீட்டர் பிடிச்சு, பள்ளம், கீவே, டைமிங் மார்க் எல்லாம் அச்சு அசலா ஒரே இரும்பில் கடைஞ்சு கொடுத்துடுவார். வேலை சுத்தம், பொருள் தப்பு. அது வெல்ட் வெச்ச டேம்பரின் அழகான வடிவம், அவ்வளவுதான். அவர் மேல தப்பு இல்லை. நாம கேட்டதைத்தான் செஞ்சார். ரப்பர் எதுக்குன்னு சொல்ல வேண்டியது மெக்கானிக்கல் படிக்கிற நம்ம வேலை.

முறிஞ்ச கிராங்க்கைப் பார்க்க வாய்ப்பு கிடைச்சா விடாதீங்க. ஒரு சாக்பீஸை ரெண்டு கையாலும் முறுக்கி உடைச்சா, முனை திருகின மாதிரி 45 டிகிரியில் உடையும். முறுக்கு ஃபட்டீக்கில் போன கிராங்க்கிலும் ஆயில் துளையிலோ ஜர்னல் ஓரத்து ஃபில்லெட்டிலோ ஆரம்பிச்ச விரிசல் அப்படிச் சாய்வாகவே ஓடியிருக்கும். கடற்கரை மணலில் அலை விட்ட வரிகள் மாதிரி வளைகோடுகள் தெரியும். ஏத்தத்தில் உடைஞ்சா வண்டி நிக்கும். இறக்கத்தில், இன்ஜின் பிரேக்கை நம்பி ரெண்டாவது கியரில் லோடோட வரும்போது உடைஞ்சா, அந்தப் பிடிமானம் போயிடும். ஏர் பிரேக் வண்டின்னா காற்றடிக்கிற கம்ப்ரஸரும் இன்ஜினோட நின்னுடலாம். டேங்கில் மிச்சம் இருக்கிற காற்றை வெச்சுத்தான் வண்டியை நிறுத்தணும். புளியரை வளைவுகளில் அது எப்படிப்பட்ட நிலைமைன்னு நான் விவரிக்கத் தேவையில்லை.

ரிப்பேரா, மாத்துறதா

ஹப் கழுத்தில் சீல் தேய்ச்ச பள்ளம் மட்டும்னா அது ரிப்பேர்தான். மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் கிடைக்குது, சுவர் தடிமன் 0.28 மில்லிமீட்டர். பள்ளத்து மேல ஏத்திட்டா அதே சைஸ் சீலே போதும். கீவே லேசா அகண்டிருந்தா வேற இடத்தில் புதுக் கீவே வெட்டலாம். ஆனா டைமிங் மார்க்கும் அதுக்கேத்த மாதிரி இடம் மாறணும், பேலன்ஸும் பார்க்கணும்.

ரப்பர் போயிருந்தா முதல் விருப்பம் புது டேம்பர், அந்த இன்ஜினுக்கே உரியது. ‘புது’ன்னா சமீபத்தில் செஞ்சது. பழைய கடையில் 40 வருஷமா பெட்டி பிரிக்காம இருந்த ஒரிஜினல் கிடைச்சா சந்தோஷப்படாதீங்க. அந்த ரப்பருக்கும் 40 வயசுதான். ஷோர் ஏ ஹார்ட்னஸ் மீட்டர் நம்ம லேபில் இருந்தா ஒரு குத்து குத்திப் பார்க்கலாம். டாடா, லேலண்ட் லாரிகளுக்கு ஸ்பேர் தேடுறது அவ்வளவு கஷ்டம் இல்லை. 1940-களின் செவர்லே, ப்ளிமத்துக்குத்தான் வெளிநாட்டிலிருந்து வரணும்.

வேற இன்ஜின் டேம்பர் சைஸ் ஒத்துப்போகுதுன்னு மாட்டுறது சூதாட்டம். ஹப் துளை பொருந்தும், ட்யூனிங் பொருந்தாது. சில வி8 இன்ஜின்களில், உதாரணமா செவர்லே 400-இல், டேம்பரிலேயே எதிர் எடை சேர்த்து வார்த்திருப்பாங்க. அந்த ஜாதிக்கு மட்டும் பேலன்ஸர்ங்கிற பேர் பொருந்தும். அங்கே எடை இல்லாத ஒண்ணை மாட்டினா இன்ஜின் குதிக்கும். எடை வேண்டாத இன்ஜினில் எடையுள்ளதை மாட்டினாலும் அதேதான்.

ஒண்ணுமே கிடைக்கலைன்னா பழைய ஹப்பையும் வளையத்தையும் வெச்சே புது ரப்பர் வார்க்கலாம். வெளிநாடுகளில் வின்டேஜ் கார்க்காரங்களுக்காக இதை மட்டுமே செய்யற கடைகள் இருக்கு. நம்ம மாநிலத்திலும் இன்ஜின் மவுண்டிங், சஸ்பென்ஷன் புஷ் செய்யற ரப்பர்-மெட்டல் பாண்டிங் யூனிட்டுகள் உண்டு, தொழில்நுட்பம் ஒண்ணுதான். பழைய ரப்பரை முழுசா எடுத்து, உலோகத்தைக் கிரிட் பிளாஸ்ட் பண்ணி, பாண்டிங் பூச்சு அடிச்சு, அச்சில் வெச்சு சூட்டிலும் அழுத்தத்திலும் வல்கனைஸ் பண்ணணும். வளையம் ஹப்போட ஒரே மையத்தில் நிக்கணும், ஜீரோ மார்க் கீவேயிலிருந்து சரியான கோணத்தில் இருக்கணும். அவங்ககிட்ட கொடுக்கும்போது “நல்ல ரப்பரா போடுங்க”ன்னு சொல்லாதீங்க. எந்த ஹார்ட்னஸ், எவ்வளவு தடிமன், ஆயில் படுமா, எவ்வளவு சூடு வரும்னு எழுதிக் கொடுங்க. விறைப்பு மாறினா அதிர்வெண் மாறும். விறைப்பு ரெண்டு மடங்கானா அதிர்வெண் சுமார் 1.4 மடங்கு. வந்ததும் ஹப்பை வைஸில் இறுக்கிப் பிடிச்சு, வளையத்தில் ஆக்ஸிலரோமீட்டர் ஒட்டி, சுற்றுத் திசையில் ஒரு தட்டு தட்டினா அதிர்வெண் தெரியும். ஃபைனல் இயருக்கு ப்ராஜெக்ட் தலைப்பு தேடுறவங்க இதை எடுத்துக்கலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க.

கண்ணாடி ஒட்டுற பசையையோ கடையில் வாங்கின பாலியூரித்தேனையோ ஊத்தி ஒட்டுறது நாலு நாள் தாங்கும். வளையம் கழன்டா ரேடியேட்டரைக் கிழிச்சுட்டுத்தான் நிக்கும்.

இன்ஜினையே வேற போட்டுட்டா என்னன்னு லாரிக்காரர் கேட்டா அது நியாயமான கேள்விதான். காருக்கு மட்டும் கொஞ்சம் யோசிங்க. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 வயசு தாண்டின சொந்த உபயோகக் காரை வின்டேஜா பதிவு செய்யணும்னா சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. டேம்பர் மாத்துறது பராமரிப்பு. இன்ஜின் மாத்தினா அந்தப் பதிவே கைவிட்டுப் போகலாம்.

கழற்றி மாட்டுறது

டேம்பரை இழுக்கிறப்ப விசை ஹப்பில்தான் விழணும். ஹப்பில் மரைத் துளைகள் இருக்கும், அதில் போல்ட் போட்டு இழுக்கிற புல்லர் வேணும். மூணு கால் புல்லரை வெளி வளையத்தில் மாட்டி இழுத்தா, நல்லா இருந்த ரப்பரும் அன்னிக்கே பிரியும். நடுத் திருகு கிராங்க் மரையைக் கெடுக்காம இருக்க ஒரு குட்டி இரும்புத் துண்டு முட்டுக் கொடுங்க.

மாட்டும்போது புது சீல், கீ சரியா உட்கார்ந்திருக்கா, கழுத்தில் கொஞ்சம் ஆயில். நீளப் போல்ட், வாஷர், நட்டு வெச்சு இழுத்து ஏத்தணும். சுத்தியலால் அடிச்சு ஏத்தினா அந்த அடி ரப்பருக்கும் போகுது, கிராங்க்கின் த்ரஸ்ட் பேரிங்குக்கும் போகுது. சில பழைய செவர்லே சிக்ஸ்களில் கிராங்க் முனையில் போல்ட் துளையே கிடையாது, ஹப் வெறும் இறுக்கத்தில்தான் நிக்கும். அங்கே அவசரப்பட்டு அடிக்கிறதை விட, முனையில் துளை போட்டு மரை வெட்டிக்கிறது நல்லது. போல்ட் இருக்கிற இன்ஜினில் டார்க் ரெஞ்ச் வெச்சு, அந்த இன்ஜின் மேனுவலில் இருக்கிற எண்ணுக்கு இறுக்குங்க. இந்தப் போல்ட் தளர்ந்தா ஹப் கீயைத் தின்னும், கீ கிராங்க்கைத் தின்னும்.

பழைய டேம்பர் வெல்ட் வெச்சதாகவோ ரொம்ப நாள் செத்துப்போனதாகவோ இருந்தா, புதுசு மாட்டுறதுக்கு முன்னாடி கிராங்க்கையும் சந்தேகப்படணும். சம்ப்பை இறக்கி, ஜர்னல்களை, குறிப்பா பின்பக்க ரெண்டு த்ரோவை, டை பெனட்ரன்ட் அடிச்சுப் பாருங்க. கிராங்க்கை வெளியே எடுத்து மேக்னட்டிக் பார்ட்டிகிள் சோதனை செய்ய முடிஞ்சா இன்னும் நல்லது. விரிசல் ஆரம்பிச்ச கிராங்க்கை எந்த டேம்பராலும் காப்பாத்த முடியாது.

எல்லாம் முடிஞ்சதும் டயல் கேஜ் வெச்சு வளையத்தின் ஓட்டம் பாருங்க, டி.டி.சி.-யை மறுபடி சரிபாருங்க. அப்புறம் ஹப்பிலிருந்து வளையம் வரைக்கும் அந்த வெள்ளைக் கோட்டைப் புதுசா போடுங்க. ஆயில் மாத்துறப்பெல்லாம் அதை ஒரு பார்வை பார்த்தா போதும்.